பிளாஸ்மாவில் மருந்தை அளந்த கதை

கையிலிருந்து எடுத்த இரத்தத்தை, உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற பொருள் சேர்த்த குழாயில் இட்டு மையவிலக்குப் பொறியில் சுற்றினால் அணுக்கள் அடியில் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பது பிளாஸ்மா. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கும். மிச்சம் கொழுப்பு, சர்க்கரை, யூரியா, உப்புகள், காலையில் குடித்த காப்பியின் சுவடு. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரின் பிளாஸ்மாவில் ஃபெனிட்டாயின் என்ற மருந்து மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதும். அங்கேயே மிதக்கும் புரதத்தின் எடையில் அது ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பிற்காலத்து மருந்துகள் பல அதற்கும் ஆயிரம் மடங்கு குறைவாக உள்ளன.

அளவு சிறியது என்பது சிக்கலின் ஒரு பாதி. மறுபாதி இன்னும் தொல்லையானது. கல்லீரல் மருந்தை விட்டுவைப்பதில்லை. ஓர் அணுவைச் சேர்த்தும் ஒன்றைக் கழற்றியும் அதே சாயலில் வேறு பொருள்களை ஆக்கி இரத்தத்தில் விடுகிறது. அவற்றில் சில வேலை செய்யும், சில செய்யாது. அளக்கும் கருவிக்கோ எல்லாம் ஒன்றுபோலவே தெரியலாம். இத்துறையின் நூறாண்டு வரலாற்றில் புதிய முறைகள் பெரும்பாலும் பழைய முறை ஆளை மாற்றி எண்ணிவிட்டது தெரியவந்த இடங்களில்தான் பிறந்தன.

முதலில் வசப்பட்டது சாராயம். ஸ்வீடனில் லுண்ட் நகரத்தைச் சேர்ந்த எரிக் விட்மார்க், விரல் நுனியைக் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தைக் கொண்டே அதை அளக்கும் முறையை 1922-இல் வெளியிட்டார். மூடிய குடுவைக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் இரத்தம் தொங்கும். அடியில் டைகுரோமேட் கரைத்த கந்தக அமிலம் இருக்கும். வெதுவெதுப்பில் வைத்தால் சாராயம் ஆவியாகி அமிலத்தில் போய்ச் சேரும், புரதமும் உப்பும் கிண்ணத்திலேயே தங்கிவிடும். செலவான டைகுரோமேட்டைக் கணக்கிட்டால் விடை வந்துவிடும். பிரிக்கும் வேலையைச் சாராயமே செய்துகொண்டதால்தான் காரியம் இவ்வளவு எளிதாயிற்று. மற்ற மருந்துகள் அப்படி இணங்கிப் போகவில்லை.

1930-களின் கடைசியில் சல்ஃபா மருந்துகள் பரவியபோது, பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிராட்டனும் மார்ஷலும் நிறத்தை நம்பி ஒரு முறையை வகுத்தார்கள். 1939-இல் வெளியான அந்த முறையில் முதலில் அமிலத்தால் புரதத்தைத் திரித்து வடிகட்டுவார்கள். பிறகு நைட்ரைட்டும் ஒரு நிறமூட்டியும் சேர்த்ததும் நீர் செந்நிறம் கொள்ளும். நிறம் எவ்வளவு ஆழமோ மருந்து அவ்வளவு. ஆனால் உடல் இந்த மருந்தின் ஒரு பகுதியை அசிட்டைல் ஏற்றி மாற்றிவிடும், அப்படி மாறியது நிறம் தராது. எனவே இன்னொரு பங்கை அமிலத்தில் கொதிக்கவைத்து, மாறியதைப் பழையபடி ஆக்கி, மறுபடி அளந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மாறிய பங்கு. கழித்தல் கணக்கில் பிரித்தறிந்த இந்த உத்தி பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

ஜப்பான் 1942-இல் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு மலேரியா மருந்தான கொய்னாவின் வரத்து நின்றுபோனது. கைவசம் இருந்த மாற்று, படைவீரர்கள் அட்டபிரின் என்று அழைத்த குவினாக்ரின். தோல் மஞ்சளாகும், வயிறு புரட்டும், மலேரியாக் காய்ச்சலும் உடனே அடங்காது. வீரர்கள் அதை விழுங்க மறுத்தார்கள். நியூயார்க்கின் கோல்டுவாட்டர் நினைவு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையில் இயங்கிய குழுவிடம் இந்தச் சிக்கல் வந்தது. அங்கே பெர்னார்ட் பிராடியும் சிட்னி யூடன்பிரண்டும் பிளாஸ்மாவிலிருந்து மருந்தை ஒரு கரைப்பானுக்குள் இழுத்து, அது ஒளிரும் ஒளிர்வை அளந்தார்கள். வெள்ளை அணுக்கள் இந்த மருந்தைப் பல மடங்கு செறிவாக உறிஞ்சி வைத்திருக்கும். இரத்தத்தைச் சரியாகச் சுற்றாமல் சில அணுக்கள் பிளாஸ்மாவில் தங்கிவிட்டால் விடை பொய்யாகிவிடும். அளந்து பார்த்ததில் கோளாறு புரிந்தது. உள்ளே போகும் மருந்தைத் திசுக்கள் வாரிக்கொள்வதால் முதல் சில நாள்கள் பிளாஸ்மாவில் அது போதிய அளவு நிற்பதில்லை. முதல் நாள் பெரிய அளவில் கொடுத்துத் திசுக்களை நிரப்பிவிட்டு, பிறகு அன்றாடம் சிறிய அளவு கொடுத்தால் போதும் என்று ஆயிற்று. மருந்து அதேதான், கொடுக்கும் கணக்கு மட்டும் மாறியது. மருத்துவம் பிளாஸ்மாவின் எண்ணை மதிக்கத் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான ஒரு தொடக்கத்தைக் காட்டுவது கடினம்.

பிராடி இதிலிருந்து ஒரு பொதுவிதியை வளர்த்தார். உடல் மாற்றிய பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரை நாடும், அசல் மருந்து எண்ணெய்ப்பசையுள்ள கரைப்பானை நாடும். ஆகவே அசலை மட்டும் இழுக்கும் அளவுக்கே வலுவுள்ள கரைப்பானைத் தேர்ந்தால் பாதிப் பிரிப்பு முடிந்துவிடும். 1948-இல் அவரும் ஜூலியஸ் ஆக்செல்ராடும் அசெட்டனிலைடு என்ற பழைய வலிநிவாரணி உடலுக்குள் பாரசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது என்று காட்டியதும் இதே வழியில் வந்த கண்டுபிடிப்பு.

அடுத்த இருபது ஆண்டுகளில் மாத்திரையின் அளவைவிட இரத்தத்தின் அளவே நோயாளியின் நிலையைச் சொல்கிறது என்பது வலிப்பு மருந்துகளில் உறுதியானது. ஃபெனிட்டாயின் 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் கண்மணி துடிக்கும், 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், 40-ஐத் தாண்டினால் புத்தி மந்தமாகும் என்று 1960-களில் வரிசைப்படுத்தினார்கள். இந்த எண்களின் அருமை 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தெரிந்தது. அதே மாத்திரையை அதே அளவில் சாப்பிட்டுவந்த வலிப்பு நோயாளிகள் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள், ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரத்தத்தில் ஃபெனிட்டாயின் ஏறியிருந்தது. விசாரித்ததில், மாத்திரை உறையை நிரப்பச் சேர்க்கும் வெற்றுப்பொருளைத் தயாரிப்பாளர் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தது தெரியவந்தது. முன்பு கால்சியம் சல்ஃபேட் மருந்தின் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்திருந்தது, லாக்டோஸ் அப்படிப் பிடிக்கவில்லை. சும்மா இருக்கும் என்று நினைத்த பொருள் சும்மா இருக்கவில்லை என்பதை இரத்தப் பரிசோதனை இல்லாமல் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதே காலத்தில் சென்னையிலும் ஒரு பெரிய அளவீட்டு வேலை நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஐசோனியசிட் என்ற மருந்தைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்யும். இது பிறவியிலேயே அமைவது. ஒரு நோயாளி எந்த வகை என்று அறிய, மருந்தை ஊசியாகச் செலுத்திக் குறித்த நேரம் கழித்து இரத்தம் எடுத்து, அதன் சீரத்தைக் காசநோய்க் கிருமியின் மேல் விட்டுப் பார்த்தார்கள். கிருமி எவ்வளவு தூரம் வளராமல் நிற்கிறதோ, அந்த அளவுக்கு மருந்து இருக்கிறது என்று பொருள். தென்னிந்திய நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்கள் என்று தெரியவந்தது. அதிக அளவு கொடுத்தபோது கைகால் நரம்பு எரிச்சல் அவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்பட்டது. வாரம் ஒருமுறை மருந்து தரும் திட்டத்தில் விரைவாகச் செயலிழக்கச் செய்பவர்கள் பின்தங்கினார்கள். கிருமியைக் கொண்டு அளப்பதில் ஒரு நியாயம் உண்டு, வேலை செய்யும் மருந்தை மட்டுமே அது எண்ணும். ஆனால் காசநோய்க் கிருமி வளர நாள் பிடிக்கும். நோயாளி வேறொரு கிருமிக்கொல்லியும் சாப்பிட்டிருந்தால் கணக்கு கலங்கிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மாற்றாக வந்த முறை தாவரவியலிலிருந்து கிளம்பியது. மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1903-இல் வார்சாவில் ஒரு கூட்டத்தில் இலைச்சாற்றைப் பிரிக்கும் வழியை விவரித்தார். கண்ணாடிக் குழலில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி அடைத்து, மேலே சாற்றை விட்டு, தொடர்ந்து கரைப்பானை ஊற்றினால், பச்சையும் மஞ்சளும் வெவ்வேறு வேகத்தில் இறங்கித் தனித்தனிப் பட்டைகளாக நிற்கும். தூள் ஒவ்வொரு பொருளையும் வெவ்வேறு பிடிமானத்தில் பிடிப்பதே காரணம். 1906-இல் அவர் இதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார், தமிழ்ப் பாடநூல்கள் வண்ணப்பிரிகை என்கின்றன. வேதியியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1931-இல் ஹைடல்பெர்க்கில் ரிச்சர்ட் கூனின் கூடத்தார் கேரட்டின் நிறப்பொருளை இவ்வழியில் பிரித்த பிறகுதான் குழலுக்கு மறுவாழ்வு வந்தது. அதற்குள் ஸ்வெட் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

லீட்ஸ் நகரின் கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1941-இல் இதை வேறு தளத்துக்குக் கொண்டுபோனார்கள். தூளின் மேல் ஒரு திரவம் ஒட்டி நிற்க, இன்னொரு திரவம் ஓட, பொருள்கள் இரண்டுக்கும் நடுவே பங்குபோடப்பட்டுப் பிரியும். தூள் மிக நுண்ணியதாகவும் குழலின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு மிகுதியாகவும் இருந்தால் பிரிப்பு கூர்மையாகும் என்றும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். 1952-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தரும் பம்பும் அதைத் தாங்கும் தூளும் வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. இடைவெளியை நிரப்பியது, திரவத்துக்குப் பதில் வாயு ஓடும் வாயு வண்ணப்பிரிகை. வாயு முறைக்கு மருந்து சூட்டில் சிதையாமல் ஆவியாக வேண்டும். ஃபெனிட்டாயினுக்கே ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டவைத்துத்தான் ஆவியாக்கினார்கள்.

1960-களின் நடுவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரியரான சாபா ஹோர்வாத், நெதர்லாந்தில் ஹூபர், டூபாண்ட் நிறுவனத்தில் ஜாக் கிர்க்லாண்ட் ஆகியோர் உயர் அழுத்தத் திரவ வண்ணப்பிரிகையை வெவ்வேறு பக்கங்களிலிருந்து கட்டி எழுப்பினார்கள். ஜேம்ஸ் வாட்டர்ஸ் தொடங்கிய நிறுவனம் அதை விற்பனைக் கருவியாக்கியது. மருந்தை அளப்பவர்களுக்கு உண்மையில் கதவைத் திறந்தது 1970-களில் கடைக்கு வந்த ஒரு வகைத் தூள். சிலிக்கா மணிகளின் மேல் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகளை வேதிப்பிணைப்பால் நட்டது அது. ஆய்வுக்கூடங்களில் சி-18 என்றே பெயர். ஓடும் திரவம் தண்ணீரும் மெத்தனாலும் அல்லது அசிட்டோநைட்ரைலும் கலந்தது. தண்ணீரை நாடுபவை முதலில் வெளியேறும், எண்ணெய்ப்பசை உள்ளவை பின்தங்கும். பிளாஸ்மாவோ தண்ணீர்ச் சரக்கு. அதிலுள்ள உப்பும் சர்க்கரையும் யூரியாவும் முதல் நிமிடத்திலேயே ஓடிவிட, மருந்து நிதானமாகப் பின்னால் வரும்.

தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தை எடுத்துக்கொண்டால் வேலை எப்படி நடந்தது என்பது புலப்படும். 10 மைக்ரோகிராமுக்குக் கீழே அது மூச்சிரைப்புக்கு உதவாது, 20-க்கு மேலே வாந்தி, இதயத்துடிப்புக் கோளாறு, வலிப்புவரை கொண்டுபோகும். கால் மில்லிலிட்டருக்கும் குறைவான பிளாஸ்மாவில் இரண்டு பங்கு அசிட்டோநைட்ரைலை விட்டுக் குலுக்கினால், புரதம் பால்போல் வெளுத்துத் திரியும். சுற்றி எடுத்தால் அடியில் வெள்ளை வில்லை, மேலே தெளிந்த நீர். அந்த நீரில் 20 மைக்ரோலிட்டரை ஊசிக்குழலால் கருவியின் வளையத்துக்குள் ஏற்றிக் கைப்பிடியைத் திருப்பினால் அது குழலுக்குள் போகும். குழலின் மறுமுனையில் புற ஊதா ஒளி பாய்ந்துகொண்டிருக்கும். மருந்து கடக்கும்போது ஒளி மங்க, வரைதாளில் பேனா ஒரு முகட்டை வரையும். கணினி வராத காலத்தில் அந்த முகட்டின் உயரத்தை அளவுகோலால் அளந்தார்கள். சிலர் முகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டித் தராசில் நிறுத்தார்கள்.

திரியவைத்து, குலுக்கி, சுற்றி, மாற்றி ஊற்றும் வழியில் மருந்தில் ஒரு பங்கு சிந்திப்போகும். அந்த இழப்பைச் சரிக்கட்ட, மருந்துக்கு மிக நெருங்கிய, ஆனால் நோயாளியின் உடலில் இருக்க வாய்ப்பில்லாத இன்னொரு பொருளைத் தொடக்கத்திலேயே எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் சேர்ப்பார்கள். இது அகத்தரப் பொருள். மருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இதுவும் அப்படியே குறையும், எனவே இரண்டு முகடுகளின் விகிதம் மாறாது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. கூடத்தில் ஒரு புதிய முறையை நிறுவுபவருக்கோ பொருத்தமான அகத்தரப் பொருளைத் தேடுவதிலேயே வாரங்கள் கழியலாம்.

தியோஃபிலினுக்குக் காப்பி ஒரு தீராத பகை. காப்பியில் உள்ள காஃபீன் உடலில் பாராசாந்தீனாக மாறும். தியோஃபிலினுக்கும் பாராசாந்தீனுக்கும் எடை ஒன்றே, ஒரு மெத்தில் தொகுதி இருக்கும் இடம் மட்டும் வேறு. தொடக்ககால சி-18 குழல்களில் இரண்டும் ஒரே முகட்டில் வந்து நின்றன, காப்பி குடித்தவருக்கு மருந்து கூடுதலாக இருப்பதுபோல் தெரிந்தது. ஓடும் திரவத்தின் கலவையை மாற்றிமாற்றித்தான் பிரித்தார்கள். ஒப்பிடுவதற்கான மருந்தில்லாப் பிளாஸ்மா கிடைப்பதும் பாடாக இருந்தது, ஏனெனில் இரத்த வங்கியில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் காப்பியோ தேநீரோ குடித்துவிட்டு வந்தவர்கள். இதே பிரிப்பு ஒரு நன்மையையும் செய்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு நிற்காமல் இருக்கத் தியோஃபிலின் கொடுத்தபோது, அவர்கள் பிளாஸ்மாவில் யாரும் கொடுக்காத காஃபீன் தென்பட்டது. பெரியவர்களைப்போல் தியோஃபிலினைச் சிதைக்கத் தெரியாத அந்தப் பிஞ்சுக் கல்லீரல் அதன் ஒரு பகுதியைக் காஃபீனாக ஆக்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைகளில் இம்முறைக்கு ஒரு போட்டியும் இருந்தது. 1970-களில் பரவிய எதிர்ப்பொருள் சோதனைகளுக்குக் குழலும் வேண்டாம், கரைப்பானும் வேண்டாம். ஒரு சொட்டில் சில நிமிடத்தில் விடை கிடைக்கும். ஃபெனிட்டாயின், டிகாக்சின் போன்றவற்றை நாளெல்லாம் அளக்க அவையே வாகாக இருந்தன. அவை இடறியது சைக்ளோஸ்போரினில். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு கொடுக்கும் இந்த மருந்து குறைந்தால் உடல் புதிய உறுப்பைத் தள்ளிவிடும், மிகுந்தால் அதே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆரம்பகால எதிர்ப்பொருள்கள் மருந்தோடு அதன் மாறிய வடிவங்களையும் சேர்த்து எண்ணியதால் எண் பல மடங்கு உயர்ந்து நின்றது. திரவ வண்ணப்பிரிகையோ அசலை மட்டும் காட்டியது, அதற்கும் குழலை 70 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருந்தது. இங்கே பிளாஸ்மாவே கைவிட்டது என்பது வேடிக்கை. சைக்ளோஸ்போரின் செவ்வணுக்களுக்குள் புகும், இரத்தம் ஆற ஆறப் பிளாஸ்மாவில் அதன் பங்கு மாறும். ஆகவே முழு இரத்தத்திலேயே அளப்பது வழக்கமாயிற்று.

புற ஊதா ஒளி நானோகிராம் அளவுகளில் தடுமாறியது. மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் நிறைமானியை இணைத்தால் தீர்வு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிறைமானி வெற்றிடத்தில் இயங்குவது, குழலோ நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் திரவத்தைத் தள்ளுவது. அந்த ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஒரு லிட்டருக்கு மேல் வரும். 1980-களில் மார்வின் வெஸ்டலின் வெப்பத் தெளிப்பும், யேலில் ஜான் ஃபென்னின் மின் தெளிப்பும் இந்த முரண்பாட்டை அவிழ்த்தன. ஃபென்னுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரிச்சர்ட் யோஸ்ட், கிறிஸ்டி என்கி இருவரும் 1978-இல் அமைத்த மூன்றடுக்கு நிறைமானி இதனோடு சேர்ந்தது. முதல் அடுக்கு மருந்தின் எடையுள்ள மூலக்கூறுகளை மட்டும் உள்ளே விடும், இரண்டாவது அவற்றை வாயுவில் மோதி உடைக்கும், மூன்றாவது குறித்த எடையுள்ள துண்டை மட்டும் எண்ணும். 1990-களில் அரை மணி நேர ஓட்டங்கள் இரண்டு நிமிடமாகச் சுருங்கின.

இனி பிரிப்பே தேவையில்லை என்ற நினைப்பு சில காலம் நிலவியது. அது தவறு என்று பிளாஸ்மா காட்டியது. மருந்தோடு ஒரே நேரத்தில் வெளிவரும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் மருந்தின் மின்னூட்டத்தைத் தட்டிப் பறித்தன. எந்த முகடும் கூடுதலாகத் தோன்றாது, இருக்கும் முகடு மட்டும் குட்டையாகும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறாக. கல்லீரல் குளுக்குரோனைடு என்ற வடிவமாக மாற்றிய மருந்து கருவியின் வாயிலிலேயே உடைந்து அசலாகத் திரும்பி, கணக்கில் ஏறியதும் உண்டு. பரிகாரம் பழைய இடத்தில்தான் கிடைத்தது. குழலில் சற்று நேரம் கூடுதலாக ஓடவிட்டுப் பிரித்தார்கள், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றிய அதே மருந்தை அகத்தரப் பொருளாக்கினார்கள்.

இதற்குள் இந்த எண்களின் மேல் பெரும் வணிகம் எழுந்துவிட்டது. அமெரிக்காவில் 1984-இல் வந்த ஹேட்ச்-வேக்ஸ்மன் சட்டப்படி, காப்புரிமை முடிந்த மருந்தின் நகல் அசலைப்போலவே இரத்தத்தில் ஏறி இறங்குகிறது என்று காட்டினாலே விற்க அனுமதி. 24 பேருக்கு இரண்டு மருந்தையும் தந்து ஒவ்வொரு முறையும் 18 தடவை இரத்தம் எடுத்தால் 864 மாதிரிகள். இரண்டின் விகிதத்துக்கான நம்பக வரம்பு 80-க்கும் 125 சதவீதத்துக்கும் நடுவே விழ வேண்டும். அளவீடே தள்ளாடினால் அந்த வரம்புக்குப் பொருளில்லை. 1990 டிசம்பரில் வாஷிங்டனை அடுத்த கிறிஸ்டல் சிட்டியில் கூடிய வல்லுநர்கள் பொது விதிகளை வகுத்தார்கள். தெரிந்த அளவு மருந்து கலந்த மாதிரிகளில் முறையின் விடை 15 சதவீதத்துக்குள்ளும், அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவில் 20 சதவீதத்துக்குள்ளும் வர வேண்டும். உறையவைத்து உருக்கினாலும் மருந்து கெடக்கூடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2001-இல் இதை வழிகாட்டியாக்கியது. பிறகு, உண்மையான ஆட்களின் மாதிரிகளில் ஒரு பகுதியை மறுபடி அளந்து காட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. மாறிய வடிவங்கள் இருப்பது அவற்றில்தான், கூடத்தில் கலந்த மாதிரிகளில் அவை இருப்பதில்லை. 2022-இல் உலகப் பொது விதியாக எம்-10 வழிகாட்டி ஏற்கப்பட்டது. நகல் மருந்து ஏற்றுமதியில் வளர்ந்த இந்தியாவில் ஐதராபாத், அகமதாபாத், பெங்களூரு, சென்னை நகரங்களின் பல கூடங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

சேத்துப்பட்டு மையம், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், கிருமித் தட்டிலிருந்து திரவ வண்ணப்பிரிகைக்கு மாறி ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு மூன்றையும் நோயாளிகளிடம் அளந்துவருகிறது. ரிஃபாம்பிசின் ஆக்சிஜன் பட்டால் கெடும். அதைத் தடுக்கப் பிளாஸ்மாவில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சென்னையிலும் பிற நாடுகளிலும் செய்த அளவீடுகளில், எடைக் கணக்கில் பெரியவர்களுக்கான அதே அளவைப் பெற்ற சிறு குழந்தைகளின் இரத்தத்தில் மருந்து குறைவாகவே நின்றது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் குழந்தைகளுக்கான ஐசோனியசிட்டை ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகவும், ரிஃபாம்பிசினை 10-இலிருந்து 15 ஆகவும் உயர்த்தியது.